பின்சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது ஆலந்தலை. இந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று கேட்டால் பள்ளிப்பிள்ளை ஐந்து என்று சொல்லும்: ஆ, ல, ந், த, லை. யூனிகோடு அட்டவணைப்படி ஏழு, ஏனென்றால் புள்ளிக்கும் ஐகாரக் குறிக்கும் அங்கே தனித்தனி எண் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் கணினிக்குள் போகும்போது அது 21 பைட். சி மொழி நிரலில் இரட்டை மேற்கோளுக்குள் வைத்தால் 22; சரம் (மேற்கோளுக்குள் நிற்கும் எழுத்துத் தொடர்) முடிந்தது என்று காட்ட, நிரலை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றும் கம்பைலர் ஒரு சுழியத்தைத் தானாகச் சேர்த்துவிடுகிறது. தமிழ் எழுத்தை நேரடியாக எழுதாமல் \340\256\206 என்ற பாணியில் ஒவ்வொரு பைட்டையும் எட்டடிமான எண்ணாக எழுதினால் (இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ‘ஆ’), மேற்கோளுக்குள் கண்ணுக்குத் தெரியும் குறிகள் 84. ஐந்து விடைகளும் சரியானவைதான், வெவ்வேறு கேள்விகளுக்கு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரு கேள்விக்கு இன்னொன்றின் விடையைச் சொல்லும்போது. சி நிரலைப் படித்து அதில் உள்ள குற்றங்களைச் சொல்வதற்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்கள் இந்தத் தவறைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன, திருத்தியபின்னும் செய்கின்றன. ஏன் என்று யோசித்தால், திருத்தம் பெரும்பாலும் தவறான இடத்தில் நடக்கிறது என்று தோன்றுகிறது.

முதலில் அந்தப் பின்சாய்கோட்டைப் பற்றி. 1960களின் தொடக்கத்தில் ஆஸ்கி குறியீட்டுத் தொகுதியை வகுத்தவர்களில் ஒருவரான பாப் பீமர்தான் அதை உள்ளே கொண்டுவந்தவர். அவருக்கு இருந்த தேவை வேறு: முன்சாய்கோட்டையும் பின்சாய்கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அல்கால் மொழியின் ‘மற்றும்’, ‘அல்லது’ என்ற தருக்கக் குறிகள் கிடைத்துவிடும். அந்த வேலைக்கு அதை யாரும் அதிகம் பயன்படுத்தவில்லை. சி மொழிக்கு முந்திய பி மொழியில்கூட, வரிமுறிவு போன்ற அச்சில் தெரியாத குறிகளைச் சரத்துக்குள் எழுத நட்சத்திரக் குறியைத்தான் பயன்படுத்தினார்கள். அதுவும் பிசிபிஎல் மொழியிலிருந்து வந்த வழக்கம். டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் சி மொழியை உருவாக்கியபோது நட்சத்திரம் போய்ப் பின்சாய்கோடு வந்தது. அன்றுமுதல் அதற்குத் தனக்கென்று ஒரு பொருள் இல்லை. தனக்கு அடுத்து வருவதன் பொருளை மாற்றுவதே அதன் வேலை. ‘என்’ என்ற ஆங்கில எழுத்துக்கு முன்னால் நின்றால் வரிமுறிவு, மேற்கோளுக்கு முன்னால் நின்றால் ‘இந்த மேற்கோள் சரத்தை முடிக்கவில்லை’, எண்களுக்கு முன்னால் நின்றால் ‘இந்த எண்ணுக்குரிய பைட்’. இந்தக் கூட்டுகளை நிரலர்கள் எஸ்கேப் தொடர் என்கிறார்கள்.

இந்த வகைக் குறி இந்தியக் கணினி வரலாற்றுக்குப் புதிதல்ல. 1991இல் இந்தியத் தர நிறுவனம் வெளியிட்ட இஸ்கி குறியீட்டில் பிராமியிலிருந்து வந்த எல்லா இந்திய எழுத்துமுறைகளுக்கும் ஒரே எண்கள்தாம். 239 என்ற எண்ணும் அதையடுத்து ஓர் எண்ணும் வந்தால் ‘இனி வருவது தமிழ்’ என்றோ ‘இனி வருவது தெலுங்கு’ என்றோ பொருள். அந்த 239ஐத் தவறவிட்ட நிரலுக்குத் தமிழ்ப் பக்கம் முழுவதும் தேவநாகரியாகத் தெரியலாம். ஒரு பைட்டைத் தவறவிட்டால் கெடுவது ஒரு பைட் அல்ல, அதற்குப் பின்னால் வரும் எல்லாமே என்பது எஸ்கேப் வகைக் குறிகளின் பொதுக் குணம். இதை மனதில் வைத்துக்கொண்டு அனலைசருக்கு வரலாம்.

அனலைசர் என்பது நிரலை ஓட்டாமல் படித்துப் பார்த்தே குறை சொல்லும் மென்பொருள். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் விவரித்த லிண்ட் இந்த வகையின் மூத்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலுக்காக 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ், 2007இல் தொடங்கிய சிபிபிசெக், பிரான்சின் ஃபிராமா-சி என்று வரிசை நீளும். கம்பைலரும் நிரலைப் படிக்கிறது, அனலைசரும் படிக்கிறது. ஆனால் கம்பைலர் தவறாகப் படித்தால் அந்த நிரல் தவறாக ஓடும், யாராவது கண்டுபிடிப்பார்கள். அனலைசர் தவறாகப் படித்தால் ஒன்றும் நடக்காது. வராத எச்சரிக்கையை யாரும் தேடுவதில்லை. ஆகவே பிழையில்லாமல் படிக்கும் கடமை கம்பைலரைவிட அனலைசருக்கே அதிகம் என்பேன். நடைமுறையில் தலைகீழாக இருக்கிறது: ‘இது சோதிக்கும் கருவிதானே, தோராயமாக இருந்தால் போதும்’ என்ற நினைப்பில்தான் அனலைசரின் படிக்கும் பகுதி எழுதப்படுகிறது.

பிழைகளை எளிமையிலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். சரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேற்கோள் வந்தால் முடிவு; அதற்கு முந்திய குறி பின்சாய்கோடாக இருந்தால் முடிவில்லை. இப்படி எழுதிவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரங்களைச் சரியாகவே படிக்கும். "\\" என்ற சரம் வரும்போது கவிழும். அங்கே முதல் பின்சாய்கோடு இரண்டாவதை வெறும் எழுத்தாக்கிவிட்டது. அந்த இரண்டாவதற்கு அடுத்த மேற்கோளைத் தடுக்கும் சக்தி இல்லை. சரம் முடிந்துவிட்டது. ஆனால் ‘முந்திய குறியைப் பார்’ என்ற விதி முடியவில்லை என்கிறது. அப்புறம் கோப்பில் அடுத்து எங்கே மேற்கோள் வருகிறதோ அங்கே சரம் முடிந்ததாக அனலைசர் எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்திலிருந்து நிரல் சரமாகவும், சரம் நிரலாகவும் தெரியும். விண்டோஸ் கோப்புப் பாதைகள் பின்சாய்கோட்டில் முடிவது சாதாரணம் என்பதால் இது கற்பனையான சங்கடமும் அல்ல. வழக்கமான திருத்தம் என்ன? ‘முந்தியதற்கு முந்தியதும் பின்சாய்கோடா என்று பார்’ என்று இன்னொரு நிபந்தனை. மூன்று பின்சாய்கோடு வந்தால் அதுவும் கவிழும். சரியான திருத்தம் பின்னால் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிடுவது: இடமிருந்து வலமாக ஒரே நடையில் போய், பின்சாய்கோட்டைக் கண்டதும் அடுத்ததையும் சேர்த்து விழுங்கிவிட வேண்டும். எத்தனை வந்தாலும் கணக்கு தப்பாது.

இந்த முதல் எடுத்துக்காட்டிலேயே நான் சொல்ல வருவது இருக்கிறது. எஸ்கேப் பிழைகளைப் பார்ப்பவர்கள் அதை அட்டவணைப் பிழையாக நினைக்கிறார்கள்: இன்ன குறிக்கு இன்ன பொருள் என்ற பட்டியலில் ஒன்றிரண்டு விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிட்டால் சரி. பட்டியல் சிறியது, யாரும் அரை மணி நேரத்தில் முழுமையாக எழுதிவிடலாம். பிழை அங்கே இருப்பது அபூர்வம். எதை எப்போது படிக்க வேண்டும் என்ற வரிசையில்தான் அது இருக்கிறது.

சி மொழியின் தர ஆவணம் இந்த வரிசையை ஐயத்துக்கு இடமில்லாமல் வகுத்திருக்கிறது. நிரலை எட்டுக் கட்டங்களில் படிக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில், வரிக் கடைசியில் நிற்கும் பின்சாய்கோட்டையும் வரிமுறிவையும் நீக்கி இரு வரிகளை ஒன்றாக்குவது; மூன்றில் சொற்களாகப் பிரிப்பது; நான்கில் மேக்ரோக்களை விரிப்பது; ஐந்தில் எஸ்கேப் தொடர்களுக்குப் பொருள் கொடுப்பது; ஆறில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் சரங்களை ஒட்டுவது. ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள முன்பின் வரிசை அற்பமாகத் தெரியலாம். "\12" "3" என்று இரண்டு சரங்கள் அடுத்தடுத்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் பொருள் கொடுத்தால் \12 என்பது வரிமுறிவு. பிறகு ஒட்டினால் வரிமுறிவும் 3 என்ற எழுத்துமாக இரண்டு. முதலில் ஒட்டிவிட்டால் \123 ஆகிவிடும். அது ‘எஸ்’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. இந்தக் குழப்பம் வரும் என்று தெரிந்தே, தர ஆவணம் பதினாறடிமான எண்ணை வைத்து இதே மாதிரி ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. இருந்தும் அனலைசர் எழுதுபவருக்கு முதலில் ஒட்டிவிடத்தான் தோன்றும், ஏனென்றால் ஒட்டப்பட்ட நீண்ட சரத்தை ஒரே பொருளாக வைத்துக்கொள்வது அவருக்கு வசதி. பொருள் கொடுப்பதை யாராவது கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார். அந்தத் தள்ளிப்போடலில் சரத்தின் உண்மையான எல்லை தொலைந்துபோகிறது, பிறகு எவ்வளவு முயன்றாலும் மீட்க முடியாது.

எல்லை என்றதும் ஆலந்தலைக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பெயரின் கடைசி மூன்று பைட்கள் ஐகாரக் குறிக்குரியவை: \340\257\210. பெயரை ஒட்டி 12 என்று ஓர் எண்ணைப் போடுகிறோம். எட்டடிமானத்தில் \21012 என்று நிற்கும். ஆனால் குழப்பமில்லை, ஏனென்றால் எட்டடிமான எஸ்கேப் தொடர் அதிகபட்சம் மூன்று இலக்கத்தோடு நின்றுவிடும் என்பது விதி. \210 ஒரு பைட், அதன்பின் 1, 2. பதினாறடிமானத்தில் இதே பைட் 88. பின்சாய்கோடு, எக்ஸ், 88, ஒட்டி 12 என்று எழுதினால் சி மொழி 8812 என்ற ஒரே எண்ணாகப் படிக்கும். பதினாறடிமான எஸ்கேப் தொடருக்கு இலக்க வரம்பே கிடையாது. இலக்கமாக எடுத்துக்கொள்ளக்கூடியது எதுவரை வருகிறதோ அதுவரை தின்றுகொண்டே போகும். 8812 ஒரு பைட்டுக்குள் அடங்காது என்று கம்பைலர் முறைத்துக்கொள்ளும். 1989இல் அமெரிக்கத் தரத்தில் பதினாறடிமான வடிவத்தைச் சேர்த்தபோது எட்டடிமானத்தின் பழைய வரம்பை ஏன் இதற்கும் வைக்கவில்லை என்று பலர் அலுத்துக்கொண்டிருக்கிறார்கள். பைட்டின் அகலம் கணினிக்குக் கணினி மாறலாம் என்பதால் இலக்க எண்ணிக்கையை நிலையாகச் சொல்லத் தயங்கியிருக்கலாம். என்ன காரணமாக இருந்தாலும், இது அழகான முடிவு அல்ல. வாகனத் துறைக்கென்று பிரிட்டனில் பிறந்து இன்று பல துறைகளின் பாதுகாப்பு நிரல்களுக்கும் வழிகாட்டியாகிவிட்ட மிஸ்ரா விதிகளின் 2012 பதிப்பு, எட்டடிமான, பதினாறடிமான எஸ்கேப் தொடர்கள் சரத்தின் முடிவிலோ இன்னொரு எஸ்கேப் தொடரிலோதான் நிற்க வேண்டும், வெறும் எழுத்தில் உரசி நிற்கக் கூடாது என்று தனி விதியே போட்டிருக்கிறது. மனிதக் கண் ஏமாறும் இடம் என்று அறிந்து வைத்த விதி. இதைச் சோதிக்க வேண்டிய கருவியின் கண்ணே அதே இடத்தில் ஏமாறினால் என்ன செய்வது?

இனிக் கணக்கு. ஆலந்தலை என்ற பெயரை 21 எஸ்கேப் தொடர்களாக எழுதி, 32 பைட் இடம் உள்ள ஒரு நினைவகப் பெட்டியில் நகலெடுக்கும் ஒரு வரியை அனலைசர் பார்க்கிறது. உண்மையில் தேவை 22, இடம் போதும். எஸ்கேப்பே தெரியாத அனலைசர் 85 என்று எண்ணும். பின்சாய்கோட்டுக்கு அடுத்த ஒரு குறியை மட்டும் விழுங்கத் தெரிந்த அனலைசர், \340 என்பதை மூன்றாக எண்ணி மொத்தம் 64 என்று சொல்லும். இரண்டும் ‘இடம் போதாது, நிரம்பி வழியும்’ என்று இல்லாத அபாயத்தைக் கூவும். இது தொல்லைதான், ஆனால் சின்னத் தொல்லை. நேர்மாறானது மோசம். சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரத்திலிருந்து யூனிகோடு எண்ணையே பின்சாய்கோட்டோடு எழுதலாம். ஒரு குறிக்குச் சரியாக நான்கு பதினாறடிமான இலக்கம். இதன்படி ஆலந்தலைக்கு ஏழு தொடர். அனலைசர் ஒவ்வொன்றையும் ஓர் எழுத்து என்று எண்ணி, சுழியத்தையும் சேர்த்து எட்டு என்று முடிவுகட்டும்; 16 பைட் பெட்டிக்குத் தாராளமாகப் போதும் என்று பேசாமல் இருந்துவிடும். ஓடும்போது அதே சரம் 22 பைட் எழுதும். ஆறு பைட் பெட்டிக்கு வெளியே. அனலைசரை எழுதிய மொழியில் ஒரு சரத்தின் நீளம் என்பது யூனிகோடு எண்களின் எண்ணிக்கையாகவே இருப்பதால் இந்தத் தவறு இயல்பாக நுழைகிறது. ஆங்கிலச் சரங்களை மட்டும் வைத்துச் சோதிக்கிறவர்களுக்கு இது ஒருபோதும் தெரியாது. அங்கே எழுத்தும் பைட்டும் ஒன்றுதான். தமிழுக்கு எப்போதும் மூன்று மடங்கு.

ஊர்ப்பெயரை வைத்து இவ்வளவு தூரம் போவது விளையாட்டல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் தென்கோடிக் கடற்கரை மீனவர்களைக் கடலில் வைத்தே தாக்கியது. எச்சரிக்கை ஆழ்கடல் வரை போய்ச் சேராததுதான் அதன் பெரிய பாடம் என்று பேசப்பட்டது. 2019இல் ககன் செயற்கைக்கோள் அமைப்பின் வழியாக எச்சரிக்கை பெறும் ஜெமினி என்ற கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. இந்திய மொழிகளில் செய்தி காட்டும் கைபேசிச் செயலியோடு. அலைவாங்கி, மோடம், படகில் வைக்கும் சிறு கருவி என்று இந்த உலகம் பெரும்பாலும் சி மொழியால் ஆனது. நினைவகத்தில் கஞ்சத்தனம் அங்கே நல்ல பழக்கம். ஓர் இடப்பெயருக்கு 16 பைட் என்று ஒதுக்குவது யாருக்கும் தவறாகத் தோன்றாது. ஆலந்தலை, மணப்பாடு, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் என்ற இந்தக் கரைப் பெயர்கள் நான்கும் யூடிஎஃப்-8இல் அதற்குள் அடங்காது.

நீளம் ஒரு பக்கம். மதிப்பு இன்னொரு பக்கம். யூடிஎஃப்-8இல் எந்தத் தமிழ் எழுத்தும் 224 என்ற பைட்டில்தான் தொடங்குகிறது. அதையே '\340' என்று எழுதலாம். இப்போது ஒரு நிரலர், ‘இந்தப் பைட் 224க்குச் சமமா’ என்று கேட்டுத் தமிழா இல்லையா என்று முடிவு செய்கிறார். மேசைக் கணினியின் இன்டெல் வகைச் செயலியில் வழக்கமான கம்பைலர்கள் சாதாரண எழுத்து வகையைக் குறையெண்ணும் கொள்ளும் வகையாக வைத்துக்கொள்கின்றன. அங்கே '\340' என்பதன் மதிப்பு 224 அல்ல, மைனஸ் 32. சமமா என்ற கேள்விக்கு விடை எப்போதும் ‘இல்லை’. லினக்ஸ் ஓடும் ஆர்ம் செயலியில் அதே வகை குறையெண் கொள்ளாது, விடை ‘ஆம்’. ஆக, ‘இந்த நிபந்தனை எப்போதும் பொய்’ என்று அனலைசர் சொன்னால் அது மேசையில் மெய், கைக்கருவியில் பொய். எஸ்கேப் தொடரின் பொருளைச் சொல்ல எந்த இயந்திரத்துக்காகப் படிக்கிறோம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். சரத்தை வெட்டி ஒட்டும் ஒரு சின்னத் துணைநிரலுக்குள் இந்த அறிவு வந்து சேராது. படிப்பு முழுவதையும் நடத்தும் இடத்தில்தான் அது இருக்க முடியும்.

இதற்கெல்லாம் முதல் மறுப்பு எளிதாக வரும்: இந்த மூலைமுடுக்கெல்லாம் யார் எழுதுகிறார்கள்? உண்மையான நிரல்களில் வரிமுறிவும் மேற்கோளும் போனால் எஸ்கேப் ஏது? பாதி உண்மை. ஆனால் தமிழ் மென்பொருள் உலகத்தைப் பார்த்தால் இந்த மூலைமுடுக்கு தினசரிப் புழக்கம் என்று தெரியும். லினக்ஸ் பணிச்சூழல்களைத் தமிழாக்கிய தன்னார்வலர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்துவரும் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் சரங்கள் சி மொழி எஸ்கேப் முறையிலேயே எழுதப்படுகின்றன. மூலத்தில் வரிமுறிவுத் தொடர் இருந்தால் தமிழிலும் இருக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் ‘என்’ விசையில் ‘ல’ இருக்கிறது. மொழியை மாற்ற மறந்த கை பின்சாய்கோட்டை அடுத்து அந்த விசையைத் தட்டினால் \ல என்று விழும். அப்படி ஓர் எஸ்கேப் தொடரே கிடையாது. கோப்பைத் தொகுக்கும் கெட்டெக்ஸ்ட் கருவி அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. பிடிப்பதற்குக் காரணம், அது எஸ்கேப்பை ஓரிடத்தில் ஒழுங்காகப் படிக்கிறது என்பதே.

அபூர்வம் என்ற வாதத்துக்கு இன்னொரு பதிலும் உண்டு, அது கொஞ்சம் கசப்பானது. நேர்மையான நிரலில் அபூர்வமானது, நேர்மையற்ற நிரலில் அபூர்வமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சதவீதக் குறியின் எட்டடிமான எண் 45. அச்சிடும் சரத்தில் அச்சு வடிவத்தைத் தொடங்கிவைக்கும் சதவீதக் குறிக்குப் பதில் \45 என்று எழுதினால் கம்பைலருக்கு இரண்டும் ஒன்றே. எஸ்கேப்புக்குப் பொருள் கொடுக்காமலே அச்சு வடிவங்களைச் சோதிக்கும் அனலைசருக்கு அங்கே சதவீதக் குறியே இல்லை. நினைவகத்தில் எழுதவல்ல ஆபத்தான அச்சு வடிவம் அதன் கண்ணெதிரே நடந்துபோகும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 2021இல் வெளியிட்ட ‘ட்ரோஜன் சோர்ஸ்’ ஆய்வு காட்டியதும் இதன் இன்னொரு முகம்தான்: எழுத்தின் திசையை மாற்றும் யூனிகோடு குறிகளை நிரலில் ஒளித்துவைத்தால், கம்பைலர் படிப்பது ஒன்றாகவும் மனிதர் பார்ப்பது இன்னொன்றாகவும் ஆகிவிடும். இரண்டு வாசகர்கள் ஒரே பிரதியை வேறுவேறாகப் படிக்கிற இடம் எதுவோ, தாக்குபவர் அங்கேதான் குடியேறுவார்.

இரண்டாவது மறுப்பு கோட்பாட்டிலிருந்து வருகிறது. நிரலின் நடத்தையைப் பற்றிய அற்பமல்லாத எந்தக் கேள்விக்கும் எல்லா நிரல்களுக்கும் பொருந்தும் தீர்வுமுறை இருக்க முடியாது என்று ஹென்றி ரைஸ் 1953இலேயே நிறுவிவிட்டார். அனலைசர் எப்படியும் தோராயம்தான், அதில் எஸ்கேப் தோராயமும் ஒன்றாக இருந்துவிட்டுப் போகட்டுமே. இந்த வாதம் எனக்கு ஒருபோதும் பிடிபட்டதில்லை. ரைஸ் சொன்னது நிரல் என்ன செய்யும் என்பதைப் பற்றி. நிரலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி அல்ல. சரத்தின் நீளத்தைக் கணக்கிட எந்தத் தீராத புதிரும் தடையாக இல்லை. முடியாததில் தோராயப்படலாம். முடிவதிலும் தோராயப்பட்டால், எது கோட்பாட்டின் எல்லை, எது எழுதியவரின் சோம்பல் என்று பயனருக்குப் பிரித்துப் பார்க்கவே வழியில்லாமல் போகிறது.

இந்த மறுப்புக்குத் தம்பி ஒருவர் உண்டு: இடம் பார்த்து ஊகித்துவிடலாமே என்பவர். ஊகம் படிப்பில் பெரிய பங்கு வகிக்கிறது என்பதை ஓலைச்சுவடி மரபை உடைய நாம் மறுக்க முடியாது. ஓலையில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவ வேறுபாடு காட்டுவதில்லை. படிப்பவருக்கு மொழி தெரியும், யாப்பு தெரியும், பொருள் தெரியும். ஊகித்தார், பெரும்பாலும் சரியாகவே. அப்படியிருந்தும் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் வடிவத்திலேயே பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது. பதிப்பாசிரியர்கள் ஒரு சொல்லுக்குப் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு அறிவுள்ள வாசகருக்கே ஊகம் போதவில்லை. அனலைசருக்கு யாப்பும் தெரியாது, பொருளும் தெரியாது. இலக்கணம் ஒன்றுதான் அதன் கையிருப்பு, அதையும் ஊகத்துக்கு விட்டுக்கொடுத்தால் பிறகு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

தமிழை நேரடியாக யூடிஎஃப்-8இல் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பாருக்கு: தாராளமாக. யூடிஎஃப்-8ஐ 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்தபோது, ஆங்கிலமல்லாத எந்த எழுத்தின் பைட்டும் 128க்குக் கீழே வராது என்று பார்த்துக்கொண்டார்கள்; பின்சாய்கோட்டின் எண் 92, ஆகவே தமிழ் எழுத்தின் நடுவே அது முளைக்காது. ஜப்பானியருக்கு அந்த நிம்மதி ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் இருக்கவில்லை. ‘சோ’ என்ற அவர்களுடைய எழுத்தின் இரண்டாவது பைட்டே 92, அதைப் பின்சாய்கோடு என்று எண்ணிய நிரல்கள் பல ஆண்டு அழிச்சாட்டியம் செய்தன. ஆனால் நேரடியாக எழுதுவதை ஏற்காத பழைய கம்பைலர்களும், ஆஸ்கி தவிர எதுவும் கூடாது என்ற நிறுவன விதிகளும், படத்தையும் எழுத்துருவையும் பைட் வரிசைகளாக மாற்றித் தரும் தானியங்கிக் கருவிகளும் எஸ்கேப் தொடர்களைத் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டே இருக்கின்றன. எழுதுவோருக்குத் தேர்வு உண்டு. படிக்கும் கருவிக்கு இல்லை.

கடைசி மறுப்புதான் வலுவானது. அனலைசரின் படிக்கும் பகுதியை, அதாவது பார்சரை, ஏன் கையால் எழுத வேண்டும்? கம்பைலர் படிக்கும் அதே முன்பகுதியை எடுத்துக்கொண்டால் எல்லாம் தீர்ந்ததே. கிளாங் கம்பைலரோடு வரும் அனலைசர் அதைத்தான் செய்கிறது. இயன்ற இடத்தில் இதுவே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவரிட்டி என்ற வணிக அனலைசரைக் கட்டியவர்கள் 2010இல் ஏசிஎம் இதழில் எழுதிய அனுபவக் கட்டுரை வேறொன்றையும் சொல்கிறது. அவர்கள் விலைகொடுத்து வாங்கிய, பெயர்பெற்ற முன்பகுதியை வைத்துக்கொண்டும் திணறினார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரின் கம்பைலரும் தரத்தில் இல்லாத ஏதோவொன்றை ஏற்றுக்கொள்கிறது. அதை ஏற்காத அனலைசருக்கு அந்த நிரல் தெரியவே தெரியாது. பொய்யெச்சரிக்கை முப்பது சதவீதத்தைத் தாண்டினால் மக்கள் கருவியையே நம்பாமல் விட்டுவிடுகிறார்கள் என்பதும் அவர்கள் கண்டது. எஸ்கேப்பிலும் இந்தக் கிளைமொழிகள் உண்டு: 27 என்ற கட்டுப்பாட்டுக் குறிக்கு ஜிசிசி கம்பைலர் தரத்தில் இல்லாத ஒரு சுருக்கத்தைத் தருகிறது. சி மொழியின் 2023 தரம் கைவிட்ட மூன்றெழுத்துக் குறிகளில் ஒன்று, ஆஸ்கியில் பின்சாய்கோடு இருந்த இடத்தில் வேறு எழுத்து வைத்திருந்த நாடுகளுக்காக, இரண்டு கேள்விக்குறியும் ஒரு முன்சாய்கோடும் சேர்ந்தால் பின்சாய்கோடு என்று வைத்திருந்தது. பழைய நிரலைப் பழைய தரப்படியே படிக்க வேண்டும். போதாததற்கு, எச்சரிக்கையைக் காட்டும்போது எழுதியவர் எழுதிய வடிவிலேயே காட்ட வேண்டும்; கம்பைலரின் முன்பகுதிக்கு அந்த அக்கறை எப்போதும் இருப்பதில்லை. ஆகவே அனலைசர் ஒவ்வொரு சரத்துக்கும் இரண்டு உருவத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது: எழுதியபடி ஒன்று, பொருள் கொடுத்த பைட் வரிசையாக ஒன்று. முதலாவது காட்டுவதற்கு மட்டும். நீளம், மதிப்பு, அச்சு வடிவம் எதைக் கேட்டாலும் விடை இரண்டாவதிலிருந்துதான் வர வேண்டும்.

நடைமுறையில் திருத்தம் தோற்பது இங்கேதான். சரத்தின் முடிவைத் தேடும் இடத்தில் ஓர் எஸ்கேப் அறிவு, நீளம் எண்ணும் இடத்தில் இன்னொன்று, எழுத்தின் மதிப்பைச் சொல்லும் இடத்தில் மூன்றாவது, அச்சு வடிவத்தைச் சோதிக்கும் இடத்தில் நான்காவது. யாரோ ஒருவர் நீளத்தில் பிழை என்று புகார் தருகிறார். நீளம் எண்ணும் இடம் மட்டும் திருந்துகிறது. மற்ற மூன்றும் பழைய பொய்யையே சொல்கின்றன. இப்போது கருவிக்குள்ளேயே இரண்டு வாசகர்கள். நாலையும் எடுத்துவிட்டு, ஐந்தாம் கட்டத்தில் ஒரே ஒரு முறை படித்து, ஒட்டுவதற்கு முன் பைட் வரிசையை எழுதிவைக்கும் ஒரே இடத்தை உண்டாக்குவது வேலை அதிகம். பார்க்க ஒரு சின்னப் பிழைக்கு இவ்வளவு பெரிய மாற்றமா என்று பராமரிப்பாளர் தயங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. சோதனை கையில் இல்லாமல் அவ்வளவு பெரிய மாற்றத்தை ஏற்பது அசட்டுத் துணிச்சல்.

சோதனைக்கு வழி இருக்கிறது. நீளத்தைப் பற்றிய கேள்விக்கு நம்பகமான விடை சொல்ல ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார், கம்பைலர். தாறுமாறான எஸ்கேப் தொடர்களைக் கொண்ட சரங்களை ஆயிரக்கணக்கில் இயந்திரத்தாலேயே உண்டாக்கி, ஒவ்வொன்றின் அளவையும் கம்பைலரிடம் கேட்டு, அனலைசரின் விடையோடு ஒப்பிடலாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகர் குழுவினர் உருவாக்கிய சிஸ்மித், தற்செயல் நிரல்களை இப்படி உண்டாக்கியே கம்பைலர்களில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பிழைகளை 2011 வாக்கில் வெளிக்கொணர்ந்தது. அடுத்த ஆண்டே அதை ஃபிராமா-சியின் மேல் திருப்பிவிட்டு அனலைசரிலும் பிழைகள் எடுத்தார்கள். எஸ்கேப்புக்கு அவ்வளவு பெரிய இயந்திரம்கூட வேண்டாம். "\08" என்ற சரத்தின் அளவு மூன்று. எட்டு என்பது எட்டடிமான இலக்கம் அல்ல என்பதால் சுழியத்தோடு தொடர் நின்றுவிடுகிறது, பிறகு 8, பிறகு கம்பைலர் சேர்க்கும் சுழியம். "\0123" என்பதற்கும் மூன்று, வேறு காரணத்தால். "\12" "3" என்பதற்கும் மூன்று. நேரடியாக எழுதிய ஆலந்தலை, எட்டடிமானத்தில் எழுதியது, யூனிகோடு எண்ணில் எழுதியது, மூன்றும் 22 என்று வர வேண்டும். பின்னால் 12ஐ ஒட்டினால் 24. சி++ மொழியின் 2023 தரம் எண்ணை நெளிவடைப்புக்குள் எழுதும் புதிய எஸ்கேப் வடிவத்தைக் கொண்டுவந்து எல்லைச் சண்டையை ஒருவழியாக முடித்துவைத்திருக்கிறது. அந்த வடிவத்தையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய வடிவத்தில் எழுதிய கோடிக்கணக்கான வரிகள் அதனால் மறைந்துவிடப் போவதில்லை, அவற்றை அவை எழுதப்பட்ட காலத்து விதிப்படியே படிக்கும் வேலை அனலைசருக்கு இருந்துகொண்டுதான் இருக்கும்.